கரம்

முப்பதாம் ஆண்டு மலருக்கு
இரண்டு பக்கத்தில் வரலாறு வேண்டுமாம்.
"துவக்கத்திலிருந்தே இருக்கிறவர் நீங்கள்தானே?"
இருக்கிறேன். ஆனால்
நான் கரம் விளையாடத்தான் வந்தேன்.

ஹமில்டன், பார்ட்டன் வீதி, தேவாலயத்தின் நிலக்கீழ் அறை.
தொண்ணூற்றாறு தை.
உருக்காலைப் புகை பனியில் படிந்து
தெருவெல்லாம் அடுப்புச் சாம்பல் நிறமான கிழமை.
தமிழ்க் கடைக் கண்ணாடியில் கையெழுத்து அறிவித்தல்:
கரம் சங்கம். வியாழன் ஏழு மணி. தேத்தண்ணி உண்டு.

அருந்தவமலர் ஏன் அப்படி எழுதினாள் என்று
அன்றைக்கு எனக்குத் தெரியாது.
மண்டபம் கேட்கும் படிவத்தில் 'நோக்கம்' என்றொரு கட்டம்.
அதற்குள் போட அவளுக்கு ஊர் கொடுத்திருந்த சொல்
ஒன்றே ஒன்று: விசர்.
அதை எழுதினால் யார் படியிறங்கி வருவார்?
வீட்டிலிருந்து பலகையைத் தூக்கிக்கொண்டு
இரண்டு பஸ் மாறி வந்தாளாம்.

நான் போனபோது ஆறு பேர், ஒரு பலகை.
காய் அடுக்கக்கூட ஒருவருக்கும் தெரியாது.
"நான் உண்மையாவே விளையாட வந்தனான்" என்றேன்.
"ஓமோம், எல்லாரும் விளையாடத்தானே வாறம்"
சிவப்பிரகாசம் கதிரையை இழுத்துப் போட்டார்.
டாக்சி ஓட்டுகிறவர்.
பதினான்கு இரவாக நித்திரை இல்லை.
அதை அவர் எனக்குச் சொல்லவில்லை,
என் கையிலிருந்த ஸ்ட்ரைக்கருக்குச் சொன்னார்.

முகம் பார்க்கத் தேவையில்லை.
நாலு பேரும் பலகையைப் பார்த்தால் போதும்,
காய் விழும் சத்தத்துக்குள்
எதையும் சொல்லிவிடலாம்.

சட்டங்களை நான்தான் பழக்கினேன்.
சிவப்பைப் போட்டால் மட்டும் போதாது,
பின்னாலேயே உன் காய் ஒன்றும் விழவேண்டும்.
இல்லாவிட்டால் சிவப்பு எழும்பி
திரும்ப நடுவுக்கு வந்துவிடும்.
மனோரஞ்சிதம் வெகுநேரம் சிரித்தாள்.
"அப்ப, போனது போனதாக் கணக்கில்லையோ?"
இல்லை என்றேன்.

இரண்டாயிரத்தொன்று மாசி, பெரிய பனிப்புயல்.
மண்டபம் பூட்டு என்று
எல்லாருக்கும் போன் எடுத்தோம்,
ஒரு வீட்டில் மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை.
மறுநாள் கூட்டிப் பெருக்க வந்த லூர்தெஸ்
கதவடியில் பனிக்குள் ஒரு பவுடர் டின் கண்டெடுத்தாள்.
பலகைக்குப் பவுடர் முடிந்தது,
வாங்கி வருகிறேன் என்று
முந்தின கிழமை மனோரஞ்சிதம்தான் சொன்னவள்.

அந்த மாதக் கூட்டக் குறிப்பில்
இறந்தவர் பெயர் இல்லை. ஒரு வரிதான்:
திறப்பு ஆறு பிரதி எடுப்பது. பதினெட்டு டொலர்.
லூர்தெஸ் தன் திறப்பைக் கழற்றித் தந்தாள்,
பாதிரியாரிடம் கேட்காமல்.
பிறகு ஒரு வியாழனும் அந்தக் கதவு பூட்டியிருந்ததில்லை.
புயலென்றால் பக்கத்துத் தெருவில் இருக்கிற நான்
நடந்துபோய்த் திறந்துவைத்துக் கேத்திலைப் போடுவேன்.
அனேகமாக ஒருவரும் வரமாட்டார்கள்.

பதிவு இலக்கம், அரசாங்கக் காசு,
இரவு முழுக்க ஆளிருக்கும் தொலைபேசி,
சம்பளத்துக்கு மூன்று ஆலோசகர்கள்:
இதெல்லாம் ஆண்டறிக்கையில் இருக்கிறது, எடுத்துப் போடுங்கள்.
இலச்சினை வரைந்த பிள்ளை இங்கே பிறந்தவள்.
கரம் என்றால் கை என்று அகராதியில் பார்த்து
ஒன்றையொன்று பிடித்த இரண்டு கை வரைந்துவிட்டாள்.
வடிவாகத்தான் இருக்கிறது. நான் திருத்தவில்லை.

பலகை இப்போது வரவேற்பறைச் சுவரில்,
கண்ணாடிச் சட்டத்துக்குள்.
அதைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தத் தை மாதம்
கடைக்கு எதற்குப் போனேன் என்று
முப்பது வருடமாக ஒருவரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால்
பால் வாங்க என்றிருப்பேன்.